ரெண்டு மாடு, மூணு அல்லேலூயா

9.11.1993, செவ்வாய்

மழை. விறகு ஈரம். அடுப்பு எரியவில்லை, நான்தான் எரிகிறேன்.

காலையில் உலை வைக்க உட்கார்ந்தவள் ஊதுகுழலை வைத்து ஊதி ஊதி, கடைசியில் வெந்தது சோறா என் நெஞ்சா என்று தெரியவில்லை. சவுக்கு விறகு, அதற்கு மேலே வரட்டி, அதற்கு மேலே தென்னமட்டை, போதாததற்கு மண்ணெண்ணெய் — என்ன சீர் செய்தாலும் முறுக்கிக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது இந்த அடுப்பு. புகை மட்டும் தாராளம். மாமா முன்கட்டிலிருந்து, "கஞ்சி ஆச்சா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவைக்கு இருமலால் பதில் சொன்னேன். புரிந்துகொண்டார்.

வீட்டில் நானும் என் மாமனார் இந்த மாமாவும்தான். பெண் அருள்ஜோதி கும்பகோணத்தில் கன்னியர் மடத்து ஆஸ்டலில் படிக்கிறாள். என் வீட்டுக்காரர் கிளமென்ட் (பெயரை வாயால் சொல்ல மாட்டேன், எழுதினால் தப்பில்லை) சவூதியில், தம்மாமில். இந்த டைரி அவர் போன லீவில் கொடுத்தது. தங்க விளிம்பு, பக்கத்துக்குப் பக்கம் அரபியில் தேதி. என் தேதியை நானே போட்டுக்கொள்கிறேன். பத்து மாதமாக எழுத என்ன இருக்கிறது என்று பெட்டிக்குள் கிடந்தது. இன்றைக்கு அடுப்பைத் திட்ட வேறு ஆள் கிடைக்கவில்லை.

14.11.1993, ஞாயிறு

பாடற்குழு ஒத்திகை. பாதிப் பாட்டில் இருமல் வந்தது. அடக்கினேன். அடக்கியது கண்ணில் நீராக வந்தது. ரோஸ்லின் டீச்சர் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"என்ன விண்ணரசி, உங்க வீட்டு அடுப்பையும் பாட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். வீட்டுக்கு வந்து அழுதேன்.

எனக்கு வேறு ஒன்றும் இல்லை. அந்த அல்லேலூயாதான் பயம். தவக்காலம் நாற்பது நாளும் அந்த வார்த்தையையே வாயில் எடுக்க மாட்டோம். ஈஸ்டர் பூசையில் அதை முதன்முதலாக எடுப்பது எங்கள் கோயிலில் ஒரே ஒரு குரல். மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் முன்னதைவிட ஒரு படி மேலே. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து பதினோரு வருஷமாக அது என்னுடையது. நகையைக் கேட்டால் கழற்றிக் கொடுத்துவிடுவேன் (கொடுத்துமிருக்கிறேன்). இதை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

போன ஈஸ்டரிலேயே மூன்றாவது படியில் குரல் உடைந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

22.11.1993, திங்கள்

ஒன்றிய ஆபீசிலிருந்து அப்துல் ஜலீல் என்று ஒருவர் மொபெட்டில் வந்தார். சாண எரிவாயுத் திட்டம். சாணியைத் தண்ணீரில் கரைத்துக் குழியில் விட்டால் வாயு வருமாம், குழாய் வழியாக அடுப்புக்குப் போகுமாம், தீக்குச்சியைக் காட்டினால் எரியுமாம். அரசாங்கம் மானியம் கொடுக்குமாம். பஞ்சாயத்து போர்டு வாசலில் பதினைந்து பேர் உட்கார்ந்து கேட்டோம். பதினான்கு பேர் மானியம் எவ்வளவு என்று கேட்டார்கள். நான் ஒருத்திதான், "புகை வருமா சார்?" என்று கேட்டேன்.

மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது. "புகையே கிடையாதும்மா! சட்டிக்கு அடியில கரிகூடப் புடிக்காது."

அங்கேயே நான் முடிவு செய்துவிட்டேன்.

நிபந்தனை இரண்டு. மனை யார் பேரில் இருக்கிறதோ அவர் கையெழுத்துப் போட வேண்டும். குறைந்தது நாலு மாடு இருக்க வேண்டும்.

மனை மாமா பேரில். மாடு? நாலுதான் இருந்தது. அதில் இரண்டு, என் வீட்டுக்காரர் விசாவாக மாறி விமானம் ஏறிவிட்டது.

சாயங்காலம் மாமாவிடம் சொன்னேன். சுருட்டைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "மாட்டுப் பின்பக்கத்துலேர்ந்து வர்ற காத்துல பொங்குனதை நான் திங்கணுமா?" என்றார்.

உலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

23.11.1993

"வரட்டி மட்டும் மாட்டு நெத்தியிலேர்ந்தா வருது?" என்று நேற்றே கேட்டிருக்க வேண்டும். இன்றைக்குத்தான் தோன்றுகிறது. சே!

5.12.1993, ஞாயிறு

இவர் கடிதம். சிலிண்டருக்கு எழுதிப் போட்டு ஐந்து வருஷமாகிறது, எப்படியும் வந்துவிடும், பொறுத்துக்கொள் என்கிறார். இனிமேல் தனியார்காரர்களும் கேஸ் விற்கப் போகிறார்களாம், நாடே மாறிக்கொண்டிருக்கிறதாம். மாறட்டும். என் அடுப்பங்கரைக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லையே. இவர் ரூமில் ஸ்விட்சைத் தட்டினால் அடுப்பு பற்றிக்கொள்ளுமாம். அதை ஒரு பக்கத்துக்குப் பெருமையாக எழுதியிருக்கிறார். யாரிடம் எதை எழுதுவது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா?

சாணக் குழி பற்றிக் கேட்டதற்குக் கடைசியில் ஒரு வரி: "அப்பா என்ன சொல்றாரோ அப்படியே செய்."

அப்பா என்ன சொன்னார் என்று பதில் எழுதவில்லை. கடிதம் வழியில் பிரித்துப் படிப்பார்கள் என்கிறார்கள்.

25.12.1993, சனி

கிறிஸ்துமஸ் பூசையில் தனிக்குரல் பாட்டை ரோஸ்லின் டீச்சரின் அண்ணன் மகள் பாடினாள். என்னைப் பின்வரிசையில் நிறுத்தினார்கள். "தொண்டைக்கு ஓய்வு குடு விண்ணரசி, இப்படியே இருந்தா ஈஸ்டருக்கும் அவளையே பாட விட்டுறலாம்" என்றார் டீச்சர், பாசமாகத்தான்.

அந்தப் பெண் நன்றாகப் பாடினாள், பாவி.

மாமா பூசை முடிந்து வந்ததும் நேரே கட்டிலில் படுத்துவிட்டார். கேக்கைக்கூடத் தொடவில்லை. வயிறு சரியில்லை போலிருக்கிறது.

26.12.1993, ஞாயிறு

காலையில் காப்பி கொண்டுபோய் வைத்தேன். மாமா தலையணைக்கு அடியிலிருந்து சாண எரிவாயுப் படிவத்தை எடுத்து நீட்டினார். கையெழுத்துப் போட்டிருந்தது. ம. சவரியப்பன். கீழே ஒரு கோடு வேறு.

"என்ன மாமா திடீர்னு?"

"ஒண்ணுமில்ல. மாடு ரெண்டுன்னு எழுது. பொய் எழுதக் கூடாது. நான் அதுல பொங்குனதைத் திம்பேன்னும் நெனைக்காத."

மாமா கதை ஊருக்கே தெரியும். அறுப்பு நேரத்தில் வரப்பில் கிடக்கும் பக்கத்து வயல் கதிரைப் பொறுக்கி அந்த வயலிலேயே போட்டுவிட்டு வருகிறவர். யாரிடமும் ஒரு பிடி உப்பு கேட்டது கிடையாது. என்னையும் கேட்க விடமாட்டார். உப்பு தீர்ந்துபோனால் உப்பில்லாமல் சாப்பிடுவோம். அதுதான் சவரியப்பன் வீட்டு மானம்.

28.12.1993

"மாடுகளின் எண்ணிக்கை" என்ற கட்டத்தை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன எழுதினேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

நாலு.

12.1.1994, புதன்

வினை வந்துவிட்டது. பதினேழாம் தேதி ஜலீல் சார் மாடுகளை நேரில் பார்க்க வருகிறாராம்.

பக்கத்து வீட்டு ராஜாத்தியிடம் ஓடினேன். அவளுக்கு லட்சுமி, பவுனு என்று இரண்டு மாடு. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மென்று விழுங்கிக் கேட்டேன். அவள் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "இதுக்கா இப்படி முழிக்கிற? ஒரு நாளைக்கு உன் வீட்டுல நின்னா மாடு தேஞ்சா போயிடும்? ஓட்டிட்டுப் போடி" என்றாள்.

பதினேழாம் தேதி எங்கள் வனத்து அந்தோணியார் திருநாள். ஊர்க் கிறிஸ்தவர் மாடெல்லாம் கோயில் வாசலில் நிற்கும், பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். நாலையும் அங்கேதான் நிறுத்தியாக வேண்டும் என்றேன். அவளுக்கு இன்னும் சந்தோஷம்.

"நல்லதாப் போச்சு. லட்சுமிக்கு ரெண்டு தடவையா சினை நிக்கல. உங்க சாமியும் ஒரு கை பாக்கட்டும்."

மாமாவிடம் சொல்லவில்லை.

16.1.1994, ஞாயிறு

நேற்று மாட்டுப் பொங்கல். அதில் இருக்கிற ஆபத்து எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது.

எங்கள் தெருவில் கொம்பைப் பார்த்தே மாடு எந்த வீடு என்று சொல்லிவிடலாம். எங்கள் மாடுகளுக்கு எப்போதும் மாதா நிறம், நீலமும் வெள்ளையும். ராஜாத்தி வீட்டுக்காரர் தியாகராசன் கட்சிக்காரர். அவர் வீட்டு மாட்டுக் கொம்பே கொடிக்கம்பம்தான், சிவப்புத் தூக்கலாக. பவுனுவின் இடது கொம்பில் சின்னம் வேறு வரைந்து வைத்திருக்கிறார்.

அந்தோணியாரே, மன்னியும். எங்கள் வீட்டில் அரை டப்பா நீலம் மிச்சமிருக்கிறது.

17.1.1994, திங்கள்

கையில் ஒட்டிய நீலம் இன்னும் போகவில்லை. அதோடேயே எழுதுகிறேன்.

விடியும் முன்னே லட்சுமிக்கும் பவுனுக்கும் நீலம் அடித்தேன். லட்சுமி பொறுமையாக நின்றாள். பவுனு தலையை ஆட்டி ஆட்டி என் புடவைக்கும் சேர்த்து அடிக்க வைத்தாள். பனியில் பெயிண்ட் காயவே இல்லை. மாமா கோயிலில் முதல் மணி அடித்ததுமே எங்கள் இரண்டு மாட்டையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே நான் மற்ற இரண்டையும் ஓட்டிக்கொண்டு போய்க் கூட்டத்தோடு கூட்டமாக எங்கள் மாட்டுப் பக்கத்தில் நிறுத்தினேன். மாமா கல்சிலுவை நிற்கும் குருசடியில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை.

ஜலீல் சார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஏன் சார் இன்றைக்கென்று வெள்ளைச் சட்டை?

"எதும்மா உங்க மாடு?"

"இந்த நாலும்தான் சார்" என்று வாயைத் திறந்தேன். அதே நேரம் சாமிக்கு ஒத்தாசையாக இருக்கிற உபதேசியார் மைக்கைப் பிடித்தார். எனக்கு அந்த வழக்கம் மறந்தே போய்விட்டது! எங்கள் கோயிலில் ஒரு மாட்டுக்கு ஒரு மெழுகுவர்த்தி. எந்த வீடு எத்தனை மெழுகுவர்த்தி கொடுத்தது என்று உபதேசியார் எழுதி வைத்து, ஒரு மாடும் விட்டுப்போகாமல் இருக்க வீடு வீடாகப் படிப்பார்.

"சவரியப்பன் வீடு — ரெண்டு!"

சாமி தீர்த்தச் செம்போடு வந்து நின்றார். எதிரே நாலு மாடு. உபதேசியார் நோட்டைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், "ரெண்டுதானே?" என்று மைக்கிலேயே கேட்டார். தீர்த்தம் மேலே பட்டதும் பவுனு திடுக்கிட்டுத் தலையைத் திருப்பி, ஜலீல் சாரின் சட்டையில் தோளிலிருந்து இடுப்புவரை ஒரே இழுப்பு. நீலம் சட்டைக்குப் போய்விட்டது. கொம்பில் சிவப்பு தெரிந்தது. சின்னமும்.

ஜலீல் சார் சட்டையைப் பார்த்தார். கொம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அதற்குள் மாமா வந்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. இவர் வாயில் பொய் வராது, நான் செத்தேன், குழி போச்சு, அல்லேலூயா போச்சு.

மாமா நாலு மாட்டையும் மெதுவாக ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். "எங்களுக்கு ரெண்டுதான் தம்பி. மத்த ரெண்டும் விருந்தாளி."

சாமி செம்பால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார். ஜலீல் சார் சிரிக்கவில்லை. என்னை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார்.

"ஏம்மா, மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள நான் இருபது குழி காட்டணும். இதுவரைக்கும் ஆறு. கேக்குறவங்க எல்லாம் மானியத்தைக் கேக்குறாங்க. அடுப்பைக் கேட்டது நீங்க ஒருத்திதான். நாலுன்னே இருந்துட்டுப் போகுது." சட்டையை ஒரு தடவை தட்டிப் பார்த்தார், அது இன்னும் பரவியது. "ஆனா ஒண்ணு. எங்க ஆபீசை ஏமாத்திடலாம், குழியை ஏமாத்த முடியாது. அது சாணியைத்தான் எண்ணும்."

எனக்கு அப்போது அவர் காலில் விழலாம் போலிருந்தது. குழி என்னத்தை எண்ணினால் எனக்கென்ன.

22.1.1994, சனி

மாமா ஐந்து நாளாகப் பேசவில்லை. சாமியிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன்.

"சாமி, மாடு விஷயத்துல பொய் சொன்னேன்."

"எத்தனை?"

"ரெண்டு சாமி."

"ரெண்டு பொய்யா, ரெண்டு மாடா?"

மாட்டுக்கு ஒரு செபமாலை வீதம் இரண்டு செபமாலை அபராதம். முடித்துவிட்டு வெளியே வந்தால் சாமி பின்னாலேயே வந்து, "அந்தக் குழி நம்ம சாமியார் பங்களாவுக்கும் போடலாமா? சமையல்காரர் புகை புகைன்னு புலம்புறார். ஆனா நம்மகிட்ட மாடு கிடையாதே" என்றார். ராஜாத்தியிடம் சொல்லி வைக்கட்டுமா என்று நுனிநாக்குவரை வந்துவிட்டது. இன்னொரு செபமாலை வேண்டாம் என்று விழுங்கிக்கொண்டேன்.

4.2.1994, வெள்ளி

குழி வெட்டுகிறோம். ஆறடி போவதற்குள் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வந்துவிட்டது. ஆற்றில் போன வாரம்வரை தண்ணீர் ஓடியிருக்கிறது, எங்கள் மண்ணில் எங்கே குத்தினாலும் ஊற்றுதான். மாமா பேச ஆரம்பித்துவிட்டார். முதல் வார்த்தையே, "சாணிக்குழி வெட்டச் சொன்னா குளம் வெட்டியிருக்க. மீன் விடுவோமா?"

இரண்டு நாள் என்ஜின் வைத்து இறைத்தோம். சம்பா அறுப்பு நேரம், ஆள் கிடைக்கவில்லை. கொத்தனாருக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்தது நான். கையெல்லாம் கொப்புளம். ஒரு கொப்புளம்கூட வலிக்கவில்லை.

14.2.1994, திங்கள்

முதல் நிரப்பு. நாலு வண்டிச் சாணி வேண்டும் என்றார் ஜலீல் சார். ஊரே ஆளுக்கு ஒரு கூடை கொண்டுவந்து கொட்டியது. உதவி என்று நினைக்க வேண்டாம், வேடிக்கை. பதினைந்து நாளில் வாயு வரும் என்று ஒரு கட்சி, வீடு வெடிக்கும் என்று ஒரு கட்சி. மாமா இரண்டாவது கட்சி.

16.2.1994, விபூதிப் புதன்

தவக்காலம் தொடங்கிவிட்டது. வழக்கமாக மாமா சுருட்டை விடுவார். இந்த வருஷம் நெற்றியில் சாம்பலோடு வந்து நின்று, "ஈஸ்டர் வரைக்கும் அந்தக் கேஸ்ல பொங்குனதைத் தொட மாட்டேன். இதுதான் என் ஒறுத்தல்" என்றார்.

"இன்னும் கேஸே வரலியே மாமா!"

"வந்தாலும்தான்."

கொல்லையில் மூன்று செங்கல் வைத்துத் தனக்குத் தனி அடுப்பு போட்டுக்கொண்டார். சுருட்டு தொடர்கிறது.

4.3.1994, வெள்ளி

எரிந்தது! எரிந்தது! எரிந்தது!

நான்கு நாளாக வெறும் காற்றுதான் வந்தது, தீக்குச்சியை அணைத்தது. இன்று காலை "டப்" என்று ஒரு சத்தம். நான் மாதாவே என்று கத்திவிட்டேன். பார்த்தால் அடுப்பைச் சுற்றி நீலமாக ஒரு வட்டம். புகை இல்லை. கரி இல்லை. பாலை வைத்துப் பொங்கவிட்டேன். ராஜாத்தி குலவை போட்டாள். மாமா நிலைப்படியில் நின்று பார்த்தார்.

"வெடிச் சத்தமே காணோம்" என்றார். பிறகு, "காப்பி சாப்பாட்டுல சேராது" என்றார்.

போட்டுக் கொடுத்தேன்.

13.3.1994, ஞாயிறு

ஒன்பது நாள் புகை இல்லை. இருமல் பாதியாகக் குறைந்துவிட்டது. ஒத்திகையில் ரோஸ்லின் டீச்சர் ஆர்மோனியத்தை நிறுத்தினார், இந்தத் தடவை வேறு மாதிரி. "தேறிட்டியே! குருத்தோலை ஞாயிறு அன்னிக்கு மூணாவது படியைப் பாடிக் காட்டு. ஏறிட்டா நீ. இல்லன்னா அண்ணன் மக. தவக்காலத்துல அந்த வார்த்தை வரக் கூடாது, லா லான்னு பாடு."

வழியெல்லாம் லா லா. வீட்டில் மாடு திரும்பிப் பார்த்தது.

15.3.1994, செவ்வாய்

சோறு பாதி வேகும்போது நெருப்பு சிறுத்துப் போய் அணைந்துவிட்டது. மறுபடி விறகு. மறுபடி ஊதுகுழல்.

17.3.1994, வியாழன்

ஜலீல் சார் வந்து குழாயையெல்லாம் தட்டிப் பார்த்தார். குழியில் ஒரு கோளாறும் இல்லையாம்.

"அன்னிக்கே சொன்னேனேம்மா. இத்தனை நாளும் எரிஞ்சது ஊரு போட்ட சாணி. இப்ப எரியறது உங்க சாணி. ரெண்டு மாட்டுக்கு ஒரு காப்பி, ஒரு குழம்பு, அவ்வளவுதான் வரும். சோத்துக்கு இன்னும் ரெண்டு மாட்டுச் சாணி வேணும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "கக்கூஸையும் குழியோட சேத்தா கூடுதலா மானியம் உண்டு" என்றார்.

மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

அவர் திரும்பி வந்ததும், ராஜாத்தியிடம் தினம் ஒரு கூடை சாணி கேட்கட்டுமா என்றேன். கேட்டதுதான் தாமதம்.

"சாணிக்குக் கையேந்துறதா? சவரியப்பன் வீட்டுலேர்ந்தா? மாட்டைக் கடன் வாங்கி சந்தி சிரிச்சது போதாதா உனக்கு? நான் இருக்குற வரைக்கும் வேலிகிட்ட நீ வாயைத் திறக்கக் கூடாது, ஆமா!"

சத்தியம் வாங்கிக்கொண்டார். இனி என்ன செய்வது? அரசாங்கம் நாலு மாடு என்று சும்மா எழுதவில்லை. என்னை மாதிரி புத்திசாலிக்காகத்தான் எழுதியிருக்கிறது. பத்து நாளில் பாடிக் காட்ட வேண்டும். இன்றைக்கு நான்கு தடவை இருமினேன். ஐந்து.

படுத்த பிறகும் ரொம்ப நேரம் இருமிக்கொண்டிருந்தேன். மாமா கட்டிலில் புரண்டு புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. இருமல் அவருக்கும் தொந்தரவுதான்.

22.3.1994, செவ்வாய்

அதிசயம். இரண்டு நாளாக நெருப்பு கூடிக்கொண்டே வருகிறது. இன்று உலை கொதித்து, சோறு வெந்து, ரசமும் வைத்தேன். வெயில் ஏறினால் வாயு கூடும் என்று ஜலீல் சார் எப்போதோ சொன்னார். வெயிலுக்கு ஸ்தோத்திரம்.

24.3.1994, வியாழன்

ராஜாத்தி வேலியில் வந்து நின்றாள், இடுப்பில் கை.

"ஊர்ல என்னடி அநியாயம் நடக்குது? அஞ்சு நாளா என் கொட்டில்ல சாணியைக் காணோம்! காத்தால போய்ப் பாத்தா தொடைச்சு வெச்சாப்ல இருக்கு. திருடன் கூட்டிப் பெருக்கிட்டு வேற போறான்டி!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சாணி திருடன், அதுவும் சுத்தமான திருடன்! மாமா உள்ளேயிருந்து பலமாகக் கனைத்தார்.

25.3.1994, வெள்ளி

எனக்குத் தெரிந்துவிட்டது.

காலையில் தொட்டியில் சாணியைக் கரைத்துக்கொண்டிருந்தேன். தினமும் மாமாதான் கூடையில் அள்ளிவந்து தொட்டியில் போட்டு வைப்பார், "அது ஒண்ணு நான் பாத்துக்குறேன்" என்று. கையில் நொறுநொறுவென்று ஏதோ தட்டியது. எடுத்துப் பார்த்தேன். பருத்திக்கொட்டைத் தோல்.

எங்கள் மாடு தின்பது வைக்கோலும் வாய்க்கால் கரைப் புல்லும். பருத்திக்கொட்டையை அது கனவில்கூடக் கண்டதில்லை. இந்தத் தெருவில் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டி வைப்பது ஒரே ஒரு வீடு.

ஐயோ மாமா.

பக்கத்து வயல் கதிரைத் திருப்பிப் போட்ட மனுஷன். மைக்குக்கு முன்னால், ஊருக்கு முன்னால் ரெண்டுதான் என்று சொன்ன மனுஷன். எழுபது வயதில் விடியற்காலையில் வேலியைத் தாண்டிப் போய், சாணி அள்ளி, கொட்டிலைக் கூட்டி... அதுவும் அந்த அடுப்பில் வேகும் ஒரு பருக்கையைக்கூட இவர் தொடுவதில்லையே! கொல்லையில் மூன்று செங்கல் வைத்துக் கரிபிடித்த சட்டியில் தன் கஞ்சியைத் தானே காய்ச்சிக் குடித்துக்கொண்டு. யாருக்காக?

கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கேக்கைத் தொடாதது வயிறு சரியில்லாமல் இல்லை. நான் ஒரு மடச்சி.

சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது. ஒன்றும் கேட்கவில்லை. தோலைப் பொறுக்கி எறிந்துவிட்டு நன்றாகக் கரைத்து விட்டேன். அதுவும் பாவம்தானே? தெரிந்தே கரைத்தேன்.

27.3.1994, குருத்தோலை ஞாயிறு

பாடிக் காட்டினேன். லா. லா. லா. மூன்றாவதும் ஏறியது.

டீச்சர், "சரி, நீயே" என்றார். அவ்வளவுதான். மாமா வெளியே குருத்தோலையில் சிலுவை முடைந்துகொண்டிருந்தார். "என்னவாம்?" என்றார். "நானேதான் மாமா" என்றேன். "ம்" என்று ஓலையைக் கிழித்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

30.3.1994, புதன்

ஈஸ்டருக்கு முந்தின பாவசங்கீர்த்தனம். எனக்கு முன்னால் மாமா. இவருக்கு எப்போதும் இரண்டு நிமிஷம் ஆகும், சொல்ல ஒன்றும் இருக்காது. இன்று கால் மணி நேரம். உள்ளேயிருந்து சாமியின் இருமல் கேட்டது, சிரிப்பை அடக்குகிற இருமல். எனக்கு இருமலில் எல்லா வகையும் தெரியும்.

மாமா வந்து முழங்காலில் நிற்கவில்லை, செபமாலை எடுக்கவில்லை. நேரே வீட்டுக்கு நடந்தார். சாயங்காலம் ராஜாத்தி வீட்டு வாசல்வரை போனார், திரும்பினார். மறுபடி போனார், திரும்பினார். மூன்றாவது தடவை தியாகராசன் வெளியே வந்து, "என்னங்க பெரியவரே?" என்று கேட்க, "மழை வருமான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பங்குனி வெயில்.

1.4.1994, பெரிய வெள்ளி

உபவாசம். அடுப்பைப் பற்றவைக்கவில்லை. மாமா மறுபடி மழை பார்க்கப் போனார்.

3.4.1994, ஈஸ்டர் ஞாயிறு

இரண்டு மணி நேரம்தான் தூங்கினேன். பரவாயில்லை.

நேற்று நடுராத்திரி ஈஸ்டர் பூசையில் சாமி என் பக்கம் திரும்பித் தலையசைத்தார். முதல் தடவை பயத்தோடு எடுத்தேன். இரண்டாவது தடவை நெஞ்சில் எதுவும் உரசவில்லை, கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி போயிற்று. மூன்றாவதுக்கு மூச்சை இழுத்தபோது சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறியது — ஐயோ, கடைசியில் இந்தப் புகையா என்று ஒரு நொடி! — விழுங்கிக்கொண்டு எடுத்தேன். ஏறியது. ஏறி நின்றது. கோயில் மணி அடித்தது. ஆண்கள் பக்கத்தில் ஒரே ஒருவர் மட்டும் குனிந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் ஏன் துடைக்கிறார் என்று பக்கத்தில் நின்றவருக்குத் தெரிந்திருக்காது.

காலையில் ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தேன், முழுக்க கேஸில். ஒரு தூக்கில் ஊற்றி ராஜாத்திக்குக் கொண்டுபோனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவள் என்னை வாயைத் திறக்கவிட்டால்தானே.

"உங்க மாமா நேத்து மத்தியானம் வந்தாருடி. வாசல்லயே நிக்கிறாரு. உள்ள வாங்கன்னா வரல. செருப்பைக் கழட்டிட்டு நின்னு, 'உன் கொட்டில் சாணியை எடுத்தது நான்தாம்மா'ங்கறாரு! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. 'ஏன் பெரியவரே, ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கொண்டாந்து போட்டிருப்பேனே'ன்னேன். என்ன சொன்னாரு தெரியுமா?" அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "'கேக்குறதுக்கு வெக்கமா இருந்துச்சும்மா, எடுக்குறது அவ்வளவு கஷ்டமா இல்ல'ங்கறாரு!"

சாமி கொடுத்த அபராதம் அதுதானாம். நேரில் போய்ச் சொல்வது, சொல்லிவிட்டுக் கேட்பது. சொல்வதற்கு மூன்று நாள் ஆனது. கேட்பதற்கு இன்னும் வாய் வரவில்லையாம், பாதியில் திரும்பி வந்துவிட்டாராம்.

மத்தியானம் மாமா, கேஸ் வந்த பிறகு முதல் தடவையாக, என் முன்னால் இலை போட்டு உட்கார்ந்தார். கேஸில் வெந்த சோறு, கேஸில் வெந்த குழம்பு. ஒரு வாய் எடுத்தார். மென்றார். நான் கரண்டியோடு நின்றேன்.

"உப்பு கம்மி."

மூன்று தடவை சோறு வாங்கிக்கொண்டார்.

4.4.1994, திங்கள்

விடியற்காலையில் தொட்டிப் பக்கம் சத்தம் கேட்டு எழுந்து போனேன். மாமா தலையில் ஒரு கூடை, கையில் ஒரு கூடை. என்னைப் பார்த்ததும் நின்றார். முதல் கூடையைத் தொட்டியில் கொட்டினார்.

"இது நம்ம மாட்டுது."

இரண்டாவது கூடையைக் கொட்டவில்லை. பிடித்துக்கொண்டே நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் ராஜாத்தி துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டிலை இன்றைக்கு அவளேதான் கூட்ட வேண்டும்போலிருக்கிறது.

"இது," என்றார் மாமா, அவளுக்கும் கேட்கும்படி, "கேட்டு வாங்குனது."

கொட்டினார். காப்பி போடப் போனேன்.